‘வேண்டாம்’னு சொல்ல ஒரு பட்டன்!

இலுப்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். “மாஸ்டர், சர்க்கரை இல்லாம ஒண்ணு!” “ஆடை விழாம ஒண்ணு!” யாருமே என்ன வேண்டும் என்று சொல்வதில்லை ஸார், என்ன வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். மாஸ்டரும் “அதெல்லாம் முடியாது, எல்லாம் கலந்துதான் வரும்” என்று சட்டம் பேசுவதில்லை. பேசினால் மறுநாள் எதிர்க் கடை பெஞ்சில் கூட்டம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கிற ஆன்லைன் கடைகளுக்கு இந்த டீக்கடை ஞானம் வர ரொம்ப நாளாயிற்று. பல கடைகளுக்கு இன்னும் வரவில்லை.

“பி.காம். படிச்சுட்டு, முப்பத்தஞ்சு வயசுல இவனுக்கு விளையாட்டு ஒரு கேடா?” என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. எங்க வீட்டம்மாவும் தினம் அதையேதான் கேட்கிறாள். பத்திரிகைகளுக்கு எழுதி, செக் வருகிற வரை காத்திருக்கிற நேரத்தில் மனுஷன் வேறு என்னதான் செய்வான்?

நான் போகிற கடை, அமெரிக்காவின் வால்வ் கம்பெனி நடத்தும் ‘ஸ்டீம்’. 2024-ல் மட்டும் அங்கே வந்து இறங்கிய புது ஆட்டங்கள் 18,000-க்கு மேல். படித்த காமர்ஸ் வீணாகக் கூடாதே என்று வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஐம்பது! தீபாவளி ஜவுளிக்கடையில் ஐம்பது சேல்ஸ்மேன்கள் ஒரே சமயத்தில் புடவையை விரித்தால் எப்படியிருக்கும்? அப்படி இருக்கும்.

அதற்காகத்தான் ‘டேக்’. புடவையில் ‘பட்டு’, ‘பூனம்’ என்று சீட்டு தொங்குமே, அது மாதிரி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘பேய்’, ‘பந்தயம்’, ‘சமையல்’ என்று அடையாளம். 2014 பிப்ரவரியில் இதை ஒட்டும் உரிமையை விளையாடுகிறவர்களிடமே கொடுத்தார்கள். நம்ம ஜனங்கள் மட்டும்தான் குசும்பு என்று நினைக்காதீர்கள். சண்டை, துப்பாக்கி எதுவும் இல்லாமல் காலியாகக் கிடக்கும் வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கதையைக் கண்டுபிடிக்கிற ‘கான் ஹோம்’ என்ற ஆட்டத்துக்கு, ‘இது ஆட்டமே இல்லை’ என்று ஒட்டிவிட்டுப் போன புண்ணியவான்கள் உண்டு.

பிறகுதான் ‘இந்த டேக் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் வசதி வந்தது. முதலில் மூன்றே மூன்று. 2018-ல் அதைப் பத்தாக்கினார்கள். நான் பத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டுத்தான் எழுந்தேன். பேய் வேண்டாம் (ராத்திரி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது). கார்ப் பந்தயம் வேண்டாம். சமையல் வேண்டவே வேண்டாம். பர்கரைத் திருப்பிப் போட்டு, கஸ்டமர் கோபப்படுவதற்குள் பரிமாறுகிற ஒரு ஆட்டத்தில் மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்தவன் நான்.

இப்படி சௌக்கியமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் அத்தை பையன் வந்தான். புதுக்கோட்டையில் ஒரு ஆபீஸில் வேலை. 2022-ல் செல்போன் ரம்மியில் விழுந்தான். பேர் எதற்கு, ஏதோ ஒரு ஆப். முதலில் சம்பளம், அப்புறம் பைக், கடைசியில் அத்தை கழுத்துச் செயின். சத்தம் போட்டு, அழுது, மிரட்டி ஒரு வழியாக வெளியே இழுத்து வந்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். என் லாப்டாப்பில் கொஞ்ச நேரம் ஆடுவான்.

ஒரு நாள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்: “மச்சான், இந்தச் சீட்டுப் படமெல்லாம் கண்ணுல படாம பண்ண முடியுமா?”

“இதெல்லாம் காசு வச்சு ஆடுறது இல்ல மாப்ளே...”

“தெரியும். ஆனா ஸ்பேடு ஏஸைப் பார்த்தா கை அரிக்குது.”

எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. நல்லதுதான். ஆனால் சட்டம் தடுப்பது பணத்தை. ஸ்பேடு ஏஸின் படத்தைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது, தடுக்கவும் கூடாது. ‘பலாட்ரோ’ என்று 2024-ல் ஒரு ஆட்டம் வந்து சக்கைப்போடு போட்டது. போக்கர் சீட்டுதான், ஆனால் பைசா பந்தயம் கிடையாது. ஐரோப்பாவில் ஆட்டங்களுக்கு வயது குறிக்கிற ‘பெகி’ அமைப்பு, பதினெட்டு வயதுக்கு மேல்தான் என்று முத்திரை குத்தியது. அப்பீல் போனார்கள். 2025 பிப்ரவரியில் பன்னிரண்டாக இறங்கியது. பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்தே இது சூதா இல்லையா என்று முடிவு செய்ய இத்தனை பாடு! என் அத்தை பையனுக்கு அது சூதா இல்லையா என்பது கவலையில்லை. கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். அந்த முடிவை அவனைத் தவிர வேறு யார் எடுக்க முடியும்?

சரியென்று செட்டிங்ஸைத் திறந்தேன். அங்கே பாருங்கள் கூத்தை! சீட்டு என்பது ஒரு டேக் இல்லை. ‘கார்டு கேம்’ தனி, ‘கார்டு பேட்லர்’ தனி, ‘டெக்பில்டிங்’ தனி, ‘சாலிட்டேர்’ தனி, ‘கேம்ப்ளிங்’ தனி. இதுபோல இன்னும் ஒன்றிரண்டு. சீட்டுக்கே ஏழு இடம் போயிற்று. பேயையும் பந்தயத்தையும் வைத்துக்கொண்டு, சமையல் உட்பட என்னுடைய ஏழு ‘வேண்டாம்’களைத் தியாகம் செய்தேன். ஒரு மனுஷனுக்குப் பத்துதான் வேண்டாம் என்று யார் கணக்குப் போட்டார்களோ! எங்க அப்பாவுக்குச் சாப்பாட்டில் மட்டுமே பதினைந்து உண்டு.

அடுத்த வாரம் நான் கடையைத் திறந்தால், எதிரே ஒரு படம். புடவை கட்டிய ஒரு அம்மா, அடுப்பு, பாத்திரம். தலைப்பு ‘வெண்பா’!

கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதை. அங்கே டொரன்டோவில் ‘விசை கேம்ஸ்’ என்ற சின்னக் குழு செய்து, 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகூட வாங்கிவிட்டது. அம்மாவின் பழைய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, அழிந்து கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் எப்படிச் செய்வது என்பதுதான் புதிர். இட்லித் தட்டை அடுக்க நான் திணறுவதைப் பார்த்துவிட்டு வீட்டம்மா, “தள்ளுங்க” என்று லாப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டாள். விளையாட்டைத் திட்டாமல் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பையன் தமிழில் பேச வெட்கப்படுகிற இடத்தில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

இத்தனை நாள் இது ஏன் கண்ணில் படவில்லை? சமையல் வேண்டாம் என்று கதவைச் சாத்தியது நான்தானே!

‘புகையிலை வேண்டாம்’ என்று ஒருவர் டேக் போட்டுக் கோயில் தேடினால் என்ன ஆகும்? சுருட்டு படைக்கிற விராலிமலை முருகன் காணாமல் போய்விடுவார். நம்மூரிலிருந்து கூப்பிடு தூரம், மயில் அகவுகிற மலை, எல்லாம் போச்சு! இதைத்தான் ஆட்டம் செய்கிற சின்னக் கம்பெனிக்காரர்களும் சொல்லி அழுகிறார்கள். எவனோ தப்பாக ஒட்டிய ஒரு டேக் போதும், எங்கள் சரக்கு வெளியே தெரியாது என்று. நியாயமான அழுகைதான். அதற்காகப் பட்டனே கூடாது என்பது, கடன்காரன் வருவான் என்று வீட்டுக்குக் கதவே வைக்காத கதை. ‘உங்கள் சமையல் தடையால் இந்த வாரம் இத்தனை ஆட்டங்கள் மறைந்தன, எட்டிப் பார்க்கிறீர்களா?’ என்று கடைக்காரர் ஒரு வரி எழுதிவைத்தால் என் மாதிரி ஆசாமி எட்டிப் பார்ப்பான். என் அத்தை பையன் மாதிரி ஆள் பார்க்கமாட்டான். எனக்கு அது பிடிக்கவில்லை என்கிற சமாசாரம், அவனுக்கு ஆகாது என்கிற சமாசாரம். இரண்டுக்கும் ஒரே தாழ்ப்பாளா?

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன், செல்போனில் போட ஏதாவது கிரிக்கெட் ஆட்டம் வேண்டுமென்றான். அதற்கு வேறொரு ஸ்டோர். அங்கே ‘வேண்டாம்’ பட்டனைத் தேடித் தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

“நீயே பார்த்து இறக்கிக் குடு மச்சான். முடிஞ்சதும் சொல்லு, திரும்புறேன்.”