நகராத ரயிலில் ஓர் இரவுச் சாப்பாடு

"இது எப்ப எடுப்பாங்க தம்பி?" என்று சித்தி கேட்டார். நாங்கள் ஒரு ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது, முள்ளுக்கரண்டிகள் வரிசையாக இருந்தன. வெளியே கந்தப்பளை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. "இது போகாதும்மா. போற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்றான் தம்பி. சித்தி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எதுக்குடா ஏத்துனாங்க?"

சித்தி புசல்லாவையில் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். தம்பி அவருடைய மகன். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் வெயிட்டராக இருக்கிறான். விடுமுறையில் வந்தவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. "எட்டு வருசமா மத்தவங்களுக்குப் பரிமாறுறேன். ஒரு நாளாவது அம்மாவ உட்கார வச்சு யாராவது பரிமாறணும்." கிளிநொச்சியிலிருந்து சித்தியைப் பார்க்க வந்திருந்த என்னையும் கூட்டிக்கொண்டான். வேன் பிடித்து றம்பொடை, லபுக்கலை, நுவரெலியா வழியாகப் போனோம்.

நாங்கள் போன இடம் ஹெரிட்டன்ஸ் டீ ஃபக்டரி ஹோட்டல். 1930களில் ஹெதர்செட் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையாக எழுந்த கட்டடம் அது. நெடுங்காலம் மூடிக்கிடந்து, 1996 இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. இரும்புத் தூண்களும் நீண்ட ஜன்னல் வரிசைகளும் அப்படியே இருக்கின்றன, பழைய எந்திரத்தையும் வைத்திருக்கிறார்கள். அதன் வளவில் நிற்கும் பழைய ரயில் பெட்டிதான் 'டி.சி.கே. 6685' என்ற உணவகம்.

ரயில் ஏன் அங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு வரலாறு. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், அங்கிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 6 அங்குலம் மட்டும்தான். 1903 இல் நுவரெலியாவையும் அடுத்த வருடம் இராகலையையும் எட்டிய அந்தப் பாதை, 1940களில் கைவிடப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை என்று அதற்குப் பெயர். உடப்புசல்லாவை வேறு, எங்கள் புசல்லாவை வேறு. இந்தக் குழப்பத்தால் தவறான பஸ்ஸில் ஏறி அந்தப் பக்கம் போய் இறங்கியவர்களின் கதைகள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு உண்டு. புசல்லாவைக்கு ரயில் வந்ததேயில்லை.

அந்த ரயில் துரைமாரையும் ஏற்றியது, தேயிலையையும் ஏற்றியது. இன்று அந்தப் பயணத்தின் நினைவு சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்படுகிறது. ஊதல் சத்தம் கேட்டது. பெட்டி மெல்ல ஆடுவது போலிருந்தது. சித்தி சட்டென்று மேசையைப் பிடித்துக்கொண்டார். தம்பி சிரித்தான், பரிமாற வந்த பிள்ளையும் சிரித்தது. அந்தப் பிள்ளை தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் சித்தி கேட்டார்: "எந்தத் தோட்டம்மா நீ?"

இப்படிச் சாப்பாட்டை நாடகத்துக்குள் வைத்துத் தரும் உணவகங்கள் இன்று உலகில் பல இருக்கின்றன. சாப்பிடுபவர் அங்கே வெறும் வாடிக்கையாளர் அல்ல. அவரும் ஒரு பாத்திரம். ஷங்ஹாயில் 2012 இல் தொடங்கி 2025 வரை இயங்கிய 'அல்ட்ராவயலட்' உணவகத்தில் ஒரேயொரு மேசை, பத்துப் பேருக்கு மட்டும் இடம் இருந்தது. ஒவ்வொரு உணவுக்கும் சுவரில் காட்சி மாறியது, ஒலி மாறியது, வாசனைகூட மாறியது. இங்கிலாந்தில் 'ஃபட் டக்' உணவகம் 2007 இலிருந்து ஒரு கடலுணவைச் சங்கோடு சேர்த்துத் தந்தது. சங்குக்குள் சிறிய இசைக்கருவி ஒன்று ஒளிந்திருக்கும். காதில் மாட்டினால் அலைச் சத்தம். அலையைக் கேட்டபடி மீனைத் தின்ன வேண்டும்.

இது வெறும் பணக்கார விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் ஸ்பென்ஸ் என்ற உளவியலாளர், சம்பினி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2004 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். உருளைக்கிழங்குச் சீவல்களைக் கடிக்கும்போது எழும் சத்தத்தை ஒலிவாங்கியில் பிடித்து, கடிப்பவரின் காதுக்கே திருப்பி அனுப்பினார்கள். சத்தத்தைக் கூட்டினால் அதே சீவல் அதிக மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் தோன்றியது. குறைத்தால் பழசாகத் தோன்றியது. நாங்கள் நாக்கால் மட்டும் ருசிப்பதில்லை. காது, கண், மூக்கு, கையில் படும் பாத்திரத்தின் பாரம், பக்கத்தில் இருப்பவர் யார் என்பது எல்லாம் சேர்ந்துதான் ருசி. உணவக நாடகத்தின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு விடயத்தில்தான் நிற்கிறது.

தம்பி இதைத் தொழில் பாஷையில் சொன்னான். "லைட்டக் குறைக்கிறது எதுக்குத் தெரியுமா? பக்கத்து மேச மறைஞ்சிரும். அப்புறம் சாப்பிடுற ஆள் தன்னோட ஞாபகத்துக்குள்ள போயிருவார். அந்த நேரம் நாங்க போய் 'சேர், எப்படி இருக்கு'ன்னு கேட்கக் கூடாது. கேட்டா நாடகம் உடைஞ்சிரும்." பரிமாறுபவர் எங்கே நிற்க வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்பதற்கே இரண்டு மாதப் பயிற்சி என்றான். சித்தி அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தொர வரும்போது நாங்களும் அப்படித்தான் ஒதுங்கி நிப்போம். பயிற்சி ஒண்ணும் குடுக்கல."

அந்த ஹோட்டலில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வருபவர்கள் விரும்பினால் உடை மாற்றி, கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கலாம். அவர்கள் பறித்த கொழுந்து தேயிலையாகி அவர்கள் கைக்கே வந்துசேரும். தம்பி இதை விளக்கியபோது சித்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பெரட்டுக்கு எத்தன மணிக்கு வரணும் அவங்க? நிறுவையில எத்தன கிலோ கழிப்பாங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

சாப்பாடு ஒவ்வொன்றாக வந்தது. பெரிய கோப்பையில் சிறிய அளவு. சித்தி ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் பில்லைத் தம்பி மறைத்து வாங்கினான். சித்தி விடவில்லை. "எத்தன பேருடா இது?" என்றார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. 2021 இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது, 2024 இல் 1,350. தம்பி கடைசிவரை கணக்குச் சொல்லவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரவு சித்தி ஒரு ராணியைப் போல உட்கார்ந்திருந்தார், அது உண்மை.

ஆனால் திரும்பும் வழியில் என் மனம் வேறொரு சாப்பாட்டில் நின்றது.

டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில் 'அல்கெமிஸ்ட்' என்றொரு உணவகம். ரஸ்முஸ் முங்க் என்ற சமையற்கலைஞர் 2019 இல் இன்றைய இடத்தில் திறந்தார். அங்கே 'பசி' என்ற பெயரில் ஓர் உணவு பரிமாறப்பட்டது. உலோகத்தில் செய்த மனித விலா எலும்புக் கூடு ஒன்றின் மேல் மெல்லிய முயல் இறைச்சி போர்த்தியிருக்கும். உலகத்தில் பட்டினி கிடப்பவர்களைச் சாப்பிடுபவர் நினைக்க வேண்டும் என்பது நோக்கம். இதைப் பற்றி முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். நாங்களும் அதைத்தானே செய்கிறோம்?

என் அப்பாவும் அம்மாவும் புசல்லாவைக்காரர்கள். 1970களின் நடுவில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. பிறகு 1977 கலவரம். லயத்தை விட்டு வன்னிக்குப் போனவர்களில் அவர்களும் அடக்கம். சித்தி மட்டும் போகவில்லை. நான் கிளிநொச்சியில் பிறந்தேன். பசிக்குப் பயந்து வந்த குடும்பம், 2009 இல் முள்ளிவாய்க்காலில் மறுபடி பசிக்குள் நின்றது. கொட்டில்களில் கஞ்சி ஊற்றினார்கள். அரிசியும் தண்ணீரும், இருந்தால் உப்பு. வரிசையில் நிற்கும்போதும் செல் விழுந்தது. யாருடைய பாத்திரம் யாருடையது என்று தெரியாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

இப்போது ஒவ்வொரு மே மாதமும் 18 ஆம் திகதிக்கு முந்திய நாட்களில் அதே கஞ்சியைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றித் தெருவில் கொடுக்கிறோம். அங்கே இருந்திராத பிள்ளைகளும் குடிக்கிறார்கள். இடம், பாத்திரம், வரிசை, ருசியின்மை என்று எல்லாம் சேர்ந்து அவர்களை அந்த நாளுக்குள் கொண்டுபோகின்றன. சங்கில் அலை கேட்பதும் சிரட்டையில் கஞ்சி குடிப்பதும் மனித மூளையின் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. வித்தியாசம் வெளியில் இருக்கிறது. கொப்பன்ஹேகனில் 'பசி'யைப் பரிமாறியவர் உலகப் புகழ் பெற்றார். சம்பூரில் 2024 மே மாதம் கஞ்சி பரிமாறியதற்காக நால்வர் கைதானார்கள். அவர்களில் மூவர் பெண்கள்.

மலையகத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். துரைமாரின் பங்களாக்கள் சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. தொழிற்சாலை ஹோட்டலாகிவிட்டது, ரயில் பெட்டி உணவகமாகிவிட்டது. லயம் மட்டும் இன்னும் லயமாகவே இருக்கிறது, ஏனென்றால் அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள். ஹோட்டல்காரர்களைத் திட்டுவதில் பயனில்லை. அழகாகப் பாதுகாக்கிறார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு வேலையும் கொடுக்கிறார்கள். எந்த நினைவுக்கு மேசை போடுவது என்பதைக் காசு உள்ளவர் தீர்மானிக்கிறார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை இதைச் சித்தியிடம் சொன்னபோது, அவர் கேட்டது கஞ்சியைப் பற்றி. காய்ச்சிக் காட்டச் சொன்னார். காய்ச்சினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு பத்தலயே" என்றார். "அப்பவும் பத்தல சித்தி" என்றேன். கோப்பையைக் கீழே வைக்காமல் முழுவதையும் குடித்தார். பிறகு 1974 இல் தன் தாய், அதாவது என் அம்மாயி, என்ன காய்ச்சினார் என்று சொல்லத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் அவர் வாயால் அந்தக் கதையை நான் கேட்டதில்லை.

விடுமுறை முடியுமுன் தம்பி எங்களை இன்னோர் இடத்துக்கும் கூட்டிப்போனான். கம்பளைப் பக்கம், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் அமைத்தது. பழைய லயக் காம்பராக்களே அருங்காட்சியகம். தொழிலாளர் பாவித்த கருவிகள், வீட்டுப் பாத்திரங்கள், பழைய ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. புசல்லாவையிலிருந்து தூரமில்லை. ஆனாலும் சித்தி அதுவரை போனதில்லை, நானும் போனதில்லை.

சித்தி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஊதல் இல்லை, மங்கிய வெளிச்சமும் இல்லை. ஒரு கூடையைப் பார்த்ததும் அதன் கயிறு நெற்றியில் எந்த இடத்தில் பட வேண்டும் என்று எனக்குக் காட்டினார். தம்பி தொலைபேசியை எடுத்துப் பதிவுசெய்யத் தொடங்கினான். பக்கத்தில் நின்ற இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் சித்தியின் பக்கம் நகர்ந்து வந்தார்கள்.

"இது நீங்க மாட்டினதா பாட்டி?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். சித்தி முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார். நாங்கள் வேன்காரரிடம் இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொன்னோம்.