கப்பலில் ஒரு குருவிகுளத்துத் தவசிப்பிள்ளை

ஏணிப்படி ஆடியது. கீழே எண்ணெய் மினுங்கும் துறைமுகத் தண்ணீர். மேலே இரும்புக் கதவோரம் ஏப்ரன் கட்டிய ஒருவர் நின்று கையாட்டுகிறார். "கம்பியப் பிடிச்சுக்கிட்டு வாங்க தாயி, ஒண்ணும் அவசரமில்ல!" சென்னைத் துறைமுகத்தில், கிரேன் இரைச்சலுக்கு நடுவே, அசல் கரிசல் காட்டுக் குரல். அதைக் கேட்டதும் பாதிப் பயம் போய்விட்டது. அவருக்குக் கழுகுமலைப் பக்கம் குருவிகுளம். எனக்குச் சங்கரன்கோவில். ஊர்ப்பாசத்தில்தான் இந்த அனுமதியே கிடைத்தது. கப்பல் பெயரும் தன் பெயரும் வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார், அதனால் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன்.

இது சரக்குக் கப்பல் இல்லை. கடலைப் படிக்கிற ஆராய்ச்சிக் கப்பல். 1983-இல் ஜெர்மனியில் கட்டி வந்த சாகர் கன்யா, அடுத்த ஆண்டு டென்மார்க்கில் கட்டிய சாகர் சம்பதா, இத்தாலியில் கட்டிய 104 மீட்டர் நீளச் சாகர் நிதி என்று நம் நாட்டுக்குச் சில உண்டு. அவை செய்தித்தாளில் வரும்போது பளுதூக்கியும் விஞ்ஞானிகளும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியும் படத்தில் இருப்பார்கள். அத்தனை பேரும் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று எந்தப் படமும் சொன்னதில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசைதான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே!

நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறேன். மறுநாள் புறப்பாடு, சாமான் ஏறுகிற நாள். நடைபாதை முழுக்க வெங்காய மூட்டை, முட்டை அட்டை, பூசணிக்காய். ஒரு மூலையில் தேங்காய்கள் தாமாகவே உருண்டு விளையாடுகின்றன. தூத்துக்குடித் தம்பி ஒருவர், இங்கே ஸ்டூவர்ட், தோளில் அரிசி மூட்டையோடு என்னைத் தாண்டிப் போகிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. "அக்கா, தலை!" என்று கத்துகிறார். குனிந்தேன். நெற்றிக்கு மேலே விரற்கடை தூரத்தில் ஒரு இரும்புக் குழாய். கப்பலுக்குள் நிமிர்ந்து நடப்பது தனிப் படிப்பு.

அடுக்களைக்குக் கப்பலில் 'கேலி' என்று பெயர். "பேருதான் கேலி, சோலி பெருசு" என்று அண்ணாச்சி சிரிக்கிறார். நம்மூர்க் கல்யாண வீட்டுப் பந்தலில் கால்வாசி இடம்கூட இல்லை, சுவர் முழுக்க எவர்சில்வர். தீயே கிடையாது. எல்லாம் மின்சார அடுப்பு. அடுப்பைச் சுற்றிலும் முழங்கை உயரத்துக்குக் கம்பி அடித்திருக்கிறார்கள், பானை குதித்து ஓடாமல் இருக்க. இழுப்பறைக்குக் கொக்கி, அலமாரிக்குக் கொக்கி. சாப்பாட்டு மேஜையில் ஈரத்துணி விரிப்பார்களாம், தட்டு வழுக்காமல் நிற்க.

"கடல் கொந்தளிச்சா சாம்பாருக்கு லீவு. எலுமிச்சஞ்சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம், அவ்வளவுதான். பானையில பாதிக்கு மேல எதையும் ஊத்த மாட்டோம். தோசை ஊத்துனா நான் வட்டமாத்தான் ஊத்துவேன், அது இலங்கை வரைபடமாகி நிக்கும். வடநாட்டு விஞ்ஞானி ஒருத்தர் யாழ்ப்பாணம் எங்கேன்னு கேட்டுக் கேட்டு அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல பிய்ப்பார்."

குளிர் அறைக் கதவைத் திறந்தபோது ஐப்பசி விடியல் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. காய்கறிக்கு ஒன்று, இறைச்சிக்கும் மீனுக்கும் உறைநிலைக்குக் கீழே இன்னொன்று. இங்கே ஒரு கணக்கு ஓடுகிறது, அதைக் கேட்டு அசந்துவிட்டேன். கீரை முதல் மூன்று நாளில் தீர வேண்டும். பிறகு கத்தரிக்காய், தக்காளி. மூன்றாவது வாரம் முட்டைக்கோஸ், கேரட். கடைசி வரை கூட வருவது பூசணியும் உருளையும் வெங்காயமும். கறிவேப்பிலையை ஈரம் போகத் துடைத்து உறைய வைக்கிறார். நடுக்கடலில் அது தாளிப்பில் படபடவென்று வெடிக்கும்போது சாப்பாட்டு அறை வாசலில் நாலு தலை எட்டிப் பார்க்குமாம்.

தயிருக்கு உறைமோரைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார். தெற்கே குளிர்கடலுக்குப் போன ஒரு பயணத்தில் இட்லி மாவு மூன்று நாளாகியும் பொங்கவே இல்லை. கடைசியில் இயந்திர அறை ஆட்களிடம் கெஞ்சி, அந்த வெக்கையில் மாவுச் சட்டியை வைத்துப் புளிக்க வைத்தாராம். ராத்திரி முறைக்கு வந்த என்ஜினியர்கள் மணிக்கொருதரம் மூடியைத் தூக்கிப் பார்த்து, "அண்ணாச்சி, எழும்பிருச்சு!" என்று போனில் சொன்னார்கள். மறுநாள் காலை இட்லிக்கு அவர்களுக்குத்தான் முதல் பந்தி.

ஆராய்ச்சிக் கப்பலில் ராத்திரி பகல் கிடையாது. குறித்த இடம் வந்ததும் கப்பல் நிற்கும். கடல் நீரின் உப்பும் சூடும் அளக்கிற கருவியை, சுற்றிலும் நீர்க்குப்பிகள் மாட்டிய பெரிய கூடு அது, கம்பி வடத்தில் இறக்குவார்கள். நாலாயிரம் மீட்டர் ஆழம் போய்த் திரும்ப மூன்று மணி நேரம் போல ஆகும். நள்ளிரவில் இறங்கினால் விடியுமுன் மேலே வரும். அதுவரை தளத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கடுங்காப்பியும் ரொட்டியும் கொண்டுபோவது தூத்துக்குடித் தம்பியின் வேலை. கடலில் அளவெடுக்க நிறுத்திய மிதவையை மேலே தூக்குகிற நாளில் கூட்டம் இன்னும் அதிகம். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மிதவையில் சிப்பி அப்பியிருக்கும், சுரண்டச் சுரண்ட நாற்றம் குடலைப் புரட்டும். "அந்த நாத்தத்துலயும் டீயைக் குடிச்சுட்டு இன்னொரு கப் கேப்பாங்க அக்கா" என்கிறார் தம்பி, ஆச்சரியம் இன்னும் தீராமல்.

ஆய்வுக்குக் கடல்நீர் மாதிரி எடுக்கும்போது அடுக்களையிலிருந்து ஒரு வெங்காயச் சருகுகூடக் கடலில் விழக் கூடாது. கழுவிய தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். "நாம கொட்டுறத அவங்க அளந்துட்டா, கடலு வெங்காயம் தின்னுச்சுன்னு எழுதிருவாங்கல்ல!"

யாருக்குக் கடல் மயக்கம் என்பது முதலில் தெரிவது ஸ்டூவர்டுக்குத்தான். தட்டு எண்ணிக்கை குறைந்தால் எந்தக் கேபின் என்று பார்த்து, உலர்ந்த பிஸ்கட்டும் இஞ்சி தட்டிய எலுமிச்சைச் சாறும் வாசலில் வைத்துவிட்டு வருகிறார். கதவைத் தட்டுவதில்லை. வாந்தியெடுத்துக் கிடக்கிறவருக்கு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அந்தத் தம்பியை அந்த இடத்தில்தான் ரொம்பப் பிடித்துப்போனது.

இந்தப் பரம்பரை பழையது. 1872 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி 1876 மே மாதம் திரும்பிய சேலஞ்சர் கப்பலுடையதுதான் உலகக் கடல்களை ஆழம் பார்த்த முதல் பெரிய பயணம். அதில் ஜோசப் மாட்கின் என்ற இளைஞர் ஸ்டூவர்டின் உதவியாளர், உணவுக் கிடங்கில் வேலை. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் 1992-இல் புத்தகமாக வந்தன. அந்தப் பயணத்தைப் பற்றி விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் எழுதியது ஏராளம். கிடங்குக்குள்ளிருந்து எழுதியவர் இவர். அண்ணாச்சியிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவுகளுக்கு என்ன சாப்பாடு போட்டாங்களாம்?" என்றார். உப்புக்கறியும் கெட்டி பிஸ்கட்டும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "பாவம், வெஞ்சனம்னு ஒண்ணு வேண்டாமா?"

அவருடைய ஆரம்பம் கல்யாண வீட்டு அடுப்படி. எங்கள் பக்கத்தில் சமையற்காரரைத் தவசிப்பிள்ளை என்போம். அப்படி ஒருவருக்குக் கையாளாய்த் தேங்காய் துருவினார். பிறகு சமையல் படிப்பு, கடற்பயிற்சி, சி.டி.சி. என்கிற கடலோடிப் பணிப் புத்தகம், சரக்குக் கப்பல்கள். பழைய கப்பல்காரர்கள் சமையற்காரரைப் பண்டாரி என்பார்கள். "ஊர்ல தவசிப்பிள்ளை, கடல்ல பண்டாரி, சம்பளப் பட்டியல்ல சீஃப் குக். மூணும் நான்தான்." இன்று பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கப்பலில் பயிற்சி பெற்ற சமையற்காரர் கட்டாயம் இருக்க வேண்டும், சாப்பாட்டுக்குக் காசு பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா அதை 2015-இல் ஏற்றது. அண்ணாச்சிக்கு அது மனப்பாடம்.

குழாயைத் திறந்து காட்டினார். கடல்நீரைக் கப்பலிலேயே நன்னீராக்கிய தண்ணீர். அவர் அதைப் பார்த்த விதம் எனக்குப் புரிந்தது. கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் எங்களுடையது. கரிசலில் புரட்டாசி விதைப்பு வானத்தைப் பார்த்துத்தான், ஐப்பசி கார்த்திகை மழை வங்கக்கடலிலிருந்துதான் வரும். அந்தக் கடலின் சூட்டை அளக்கிற மிதவைகளைப் பழுது பார்க்கப் போகிறவர்களுக்கு இவர் சோறு போடுகிறார். ஊரிலிருந்து போன் வந்தால் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "அங்கன இருக்கிற படிச்சவுககிட்ட கேளு, மழை உண்டா?"

கிளம்பும்போது அலமாரிக் கொக்கியை விடுவித்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்தார். தையற்காரர் விரலுறை அளவில் ஒரு வெள்ளைக் கிண்ணம், கல் மாதிரிக் கெட்டி. தெர்மோகோல் டீ கப்! கருவியோடு ஒரு வலைப்பையில் கட்டிக் கடலுக்குள் அனுப்பினால், ஆழத்தின் அழுத்தத்தில் உள்ளிருக்கும் காற்றுக் குமிழெல்லாம் நசுங்கி இப்படிச் சுருங்கி வருமாம். பல ஆராய்ச்சிக் கப்பல்களில் இந்த விளையாட்டு உண்டு. கண்ணுக்கருகில் கொண்டுபோனேன். மார்க்கர் பேனாவில் எழுதிய எழுத்தும் கூடவே சுருங்கி, எறும்பு வரிசை போல இருந்தது: குருவிகுளம்.

"நாலாயிரம் மீட்டர் போய்ட்டு வந்திருக்கு தாயி, நம்ம ஊரு."

அடுப்பில் குக்கர் விசில். வெளியே யாரோ முட்டை அட்டை எண்ணிக்கை தப்பு என்று கத்துகிறார்கள். அண்ணாச்சி புதுக் கப் ஒன்றையும் பேனாவையும் என் கையில் திணித்தார். சங்கரன்கோவில் கொஞ்சம் நீளமான பெயர். கப்பைச் சுற்றிச் சுற்றி எழுதி முடித்தேன்.