கரிமண் சதுப்பும் வண்ணத்துப்பூச்சிகளும்



சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் ராஜா மூசா, சுங்கை காராங் எனும் வனக்காப்பகங்கள் உள்ளன. அவை கரிமண் சதுப்புக் காடுகள். நீரில் வீழ்ந்த இலையும் கிளையும் வேரும் முற்றாக மட்காமல், பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து உண்டானதே கரிமண். மலாய் மொழியில் இதனைக் 'காம்புட்' என்பர். அங்குள்ள நீர் தேநீர் நிறமும் புளிப்புத் தன்மையும் உடையது.

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் ஒரே குலத்தவை. அவற்றின் புழுக்களுள் பெரும்பாலானவை தமக்கென அமைந்த சில செடிகளை மட்டுமே உண்ணும். ஆதலின், பலவகை மரமும் கொடியும் செறிந்த காட்டில் பலவகைப் பூச்சிகள் வாழ்கின்றன.

கால்வாய் வெட்டி நீரை வடித்து, காட்டை அழித்து, ஒரே பயிரை நட்டால் யாது நிகழும்? வெயில் படும் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாய்ப் பறப்பதை நாம் காண்கிறோம். "பூச்சிகள் குறையவில்லையே!" என்று எண்ணிவிடுகிறோம். எண்ணிக்கை வேறு, வகை வேறு. ஒரே நூலின் நூறு படிகளை அடுக்கி வைத்தால் அது நூலகம் ஆகிவிடுமா? காட்டின் நிழலை நம்பி வாழ்ந்த இனங்கள் ஓசையின்றி மறைந்துவிடுகின்றன.

செம்பனைத் தோட்டத்தில் பணிபுரியும் பெற்றோர் பைப்புழுவை நன்கறிவர். அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவே. மெதீசா பிளானா எனும் இனத்தில் பெண் பூச்சிக்கு இறகில்லை. தன் பையினுள்ளேயே முட்டையிடும். உண்பதற்குச் செம்பனை ஓலை எங்கும் நிறைந்திருப்பதால் இது பெருகி, ஓலைகளைக் காயச் செய்கிறது. இதனை அடக்கும் சிறு குளவிகள் பூந்தேனை உண்டு வாழ்வன. அவற்றுக்காகவே தோட்டச் சாலையோரங்களில் மஞ்சள் பூச்செடிகளை நடுகின்றனர். அவற்றைக் களையென்று கருதி வெட்டிவிடலாகாது.

நீர் வடிந்து உலர்ந்த கரிமண் எளிதில் தீப்பற்றும். அத்தீ மண்ணுக்கடியில் பல நாள் கனன்றுகொண்டிருக்கும். 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் நம்மைச் சூழ்ந்த புகைமூட்டத்திற்கு இந்தோனேசியாவின் கரிமண் தீ முக்கிய காரணமாகும். 2015இல் நம் நாட்டின் பல பள்ளிகள் மூடப்பட்டதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, கரிமண் நிலத்தில் குப்பைக்குத் தீ வைத்தலைப் பெற்றோர் அறவே தவிர்ப்பாராக. மாணவர்களே, வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து அதன் இறகைப் பிய்க்காதீர். அது எச்செடியில் முட்டையிடுகிறது என்பதை உற்றுநோக்கி ஏட்டில் எழுதுங்கள். அறிந்தவனே காப்பான், காப்பவனுக்கே இயற்கை வாழ்வளிக்கும்.