பழைய ஓட்டு வீட்டின் முகப்பு

வீட்டு முகப்பைப் புதுப்பிக்கக் கடன் கோரும் நெசவாள அங்கத்தினர் பலர், பழைய சுவர்மீது சிமெண்டு பூச விரும்புகின்றனர். அது நன்றன்று என்பதே நமது கருத்து. மண்ணாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளிவிடும். சிமெண்டு அவ்வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளே தங்கிப் பூச்சு உப்பி உதிரும். குழித்தறியில் ஏற்றிய பாவும் கெடும்.

ஆதலின், ஐப்பசி மழைக்கு முன்னரே உடைந்த ஓடுகளை மாற்றுக. கூரை நீர் சுவரடியில் தேங்காவண்ணம் வாய்க்கால் அமைக்க. பின்னர்த் திண்ணையைச் செப்பனிட்டு, நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பை மெல்லிதாக மும்முறை அடிக்கலாம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்போல் இறுகும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்குமாதலால் குழந்தைகளை அருகில் விடலாகாது.

பழைய நிலைக்கதவை விற்றுவிட்டு இரும்புக் கதவு வாங்க வேண்டா. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழில் புவிசார் குறியீடு பெற்றது. பழுது நீக்கவல்ல கைகள் இங்கேயே உள்ளன. கல்வராயன் மலையிலுள்ள விவசாய அங்கத்தினரின் மண்சுவர் வீடுகளுக்கும் இம்முறையே பொருந்தும்; ஆங்குக் கூரையின் இறவாரத்தைச் சற்று நீட்டிவிடுதல் நலம்.

இவ்வாறு செய்யின் முகப்பும் பொலியும். கடன் சுமையும் குறையும்.