கல்லூரி பெஞ்ச் வேற, யுனிவர்சிட்டி பெஞ்ச் வேற! களமிறங்காத கூடைப்பந்து வீரருக்கு என்ன கிடைக்கும்?

மதுரையில் ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்தில் கூடைப்பந்து மேட்ச் பார்த்திருக்கிறீர்களா? ஒரு அணிக்கு 5 பேர் களத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதே ஜெர்சியில் 7 பேர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் அதே பிராக்டிஸ், அதே ரவுண்டு, அதே திட்டு. ஆனால் மேட்ச் முடியும்போது அந்த 7 பேரில் சிலர் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

"விளையாடவே விடலைன்னா எதுக்குடா போற? ஒழுங்கா படிக்கிற வேலையைப் பாரு" என்று வீட்டில் கேட்பார்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வரும் மாணவரிடம் கேட்க வேண்டிய நியாயமான கேள்விதான். பதில் என்ன என்பது, அவர் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

200 நிமிடத்தை 12 பேர் எப்படிப் பிரிப்பது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனத்தின் (ஃபிபா) விதிப்படி ஒரு மேட்ச் 40 நிமிடம். 10 நிமிடம் வீதம் 4 குவார்ட்டர். களத்தில் 5 பேர் என்பதால் ஒரு அணியிடம் மொத்தம் 200 நிமிடம் இருக்கிறது. அணியில் அதிகபட்சம் 12 பேர்.

முக்கியமான ஐந்து பேரை ஆளுக்கு 32 நிமிடம் ஆடவைத்தால் 160 நிமிடம் காலி. ஆறாவது, ஏழாவது ஆட்களுக்கு ஆளுக்கு 15 நிமிடம் கொடுத்தால் இன்னொரு 30 போச்சு. மிச்சம் 10 நிமிடம், அதற்கு 5 பேர் காத்திருக்கிறார்கள். ஆளுக்கு 2 நிமிடம்! அதுவும் பெரும்பாலும் மேட்ச் ஏற்கெனவே முடிவாகிவிட்ட பிறகு, "சரி, நீ போ" என்று இறக்கிவிடும் கடைசி 2 நிமிடம்.

இத்தனைக்கும் கூடைப்பந்தில் ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடே கிடையாது. கால்பந்தில் வழக்கமாக 5 மாற்றுதான், வெளியே போனவர் திரும்ப வர முடியாது. கிரிக்கெட்டில் 12-வது ஆள் ஃபீல்டிங் செய்யலாம், பவுலிங்கும் பேட்டிங்கும் கிடையாது. கூடைப்பந்தில் ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். அப்படியிருந்தும் ஏன் வாய்ப்பு வருவதில்லை?

குற்றவாளி நாக்-அவுட்

நம் ஊர் கல்லூரிப் போட்டிகளில் பல நாக்-அவுட் முறையில் நடப்பவை. ஒரு மேட்ச் தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்த பயத்தில் பி.டி. சார் புது ஆளை இறக்க யோசிப்பார். அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு ஒரு சீசனில் ஏறக்குறைய 30 மேட்ச் கிடைக்கிறது. அங்கே ஒரு மேட்சில் முதலாமாண்டு மாணவரைப் பரிசோதித்துப் பார்த்து, தோற்றால்கூட அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம். இங்கே அடுத்த வாரமே இல்லாமல் போகலாம். பயிற்சியாளரை மட்டும் திட்டிப் பயனில்லை, போட்டி நடத்தும் முறையும் சேர்ந்துதான் பெஞ்சை நீளமாக்குகிறது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அங்கே வாய்ப்பு கிடைக்காத மாணவர் வேறு கல்லூரிக்கு மாறிவிடுகிறார். 2021-ல் விதி தளர்ந்த பிறகு இது சர்வசாதாரணம். இங்கே பி.காம் இரண்டாம் ஆண்டில் டி.சி. வாங்கிக்கொண்டு இன்னொரு கல்லூரிக்குப் போவதெல்லாம் நடக்கிற காரியமா?

உட்கார்ந்திருப்பதும் சும்மா இல்லை

5 ஃபவுல் ஆனால் யாராக இருந்தாலும் வெளியேற வேண்டும், 30 விநாடிக்குள் மாற்று ஆள் வரவேண்டும். அடிபட்டு சிகிச்சை வாங்கினாலும் மாற்று ஆள் தேவை. அதாவது, அழைப்பு எந்த நொடியிலும் வரலாம். வந்தால் பெஞ்ச் வீரர் தானே ஸ்கோரர் மேஜைக்குப் போய் மாற்று கேட்க வேண்டும். பந்து நின்று, நடுவர் கைகாட்டிய பிறகுதான் கோட்டைத் தாண்டலாம்.

சிக்கல் உடம்பில்தான். வார்ம்-அப் செய்து முடித்துக் கால் மணி நேரம் உட்கார்ந்தாலே தசைகளின் சூடு இறங்கத் தொடங்கிவிடும். வெளியே மதுரை வெயில் கொளுத்தினாலும் இது நடக்கும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவரைத் திடீரென்று இறக்கினால் முதல் ஓட்டத்திலேயே தொடை பிடித்துக்கொள்வது இதனால்தான். பிறகு "பாரு, இறக்கிவிட்டா ஒண்ணும் பண்ணலை" என்ற பேச்சு வேறு! இடைவேளையில் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கும்போது இவர் ஓடி, ஷாட் போட்டு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வது நல்லது.

களத்தில் கைகலப்பு வந்தால்? நண்பனுக்காகக் குதித்துவிடக் கூடாது. பெஞ்ச் பகுதியைவிட்டு உள்ளே ஓடும் மாற்று வீரர் தகுதிநீக்கம் செய்யப்படுவார்.

சரி, சர்டிபிகேட் விஷயத்துக்கு வருவோம்

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு மத்திய அரசு தனித்தனிப் படிவங்கள் வைத்திருக்கிறது. இந்தியாவுக்கு ஆடினால் படிவம் 1. மாநில அணிக்காக தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழக அணியில் இருந்தால் படிவம் 3. பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் படிவம் 4.

படிவம் 3-ஐ கவனித்துப் படியுங்கள். இன்ன மாணவர், இன்ன பல்கலைக்கழகத்தைப் பிரதிநிதித்துவப்படுத்தினார், பெற்ற இடம் இது என்றுதான் கேட்கிறது. எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை பாயிண்ட் எடுத்தார் என்ற கட்டமே இல்லை. ஆக, பல்கலைக்கழக அணியின் 12 பேரில் பன்னிரண்டாவது ஆளாகத் தென்மண்டலப் போட்டிக்குப் போய்வந்தவருக்கும், எல்லா மேட்சிலும் முதலில் இறங்கியவருக்கும் காகிதம் ஒன்றுதான்.

கல்லூரி பெஞ்ச் அப்படி இல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் வாங்கும் சான்றிதழ் படிவம் 3-க்குச் செல்லாது. மதுரை காமராசர் பல்கலைக்கழக அணி என்றால் மதுரை மட்டுமல்ல, திண்டுக்கல், தேனி, விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளின் மாணவர்களும் அதே 12 இடங்களுக்குப் போட்டி. தேர்வாளர்கள் யாரைப் பார்ப்பார்கள்? களத்தில் ஓடுபவரைத்தான். ஃபிபா ஸ்கோர் ஷீட்டில் தொடக்க ஐவரின் பெயருக்கு நேராக வட்டமிட்ட பெருக்கல் குறி இருக்கும். பிறகு இறங்கியவர்களுக்கு வட்டமில்லாத பெருக்கல் குறி. இறங்காதவருக்கு அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். கல்லூரி பெஞ்சின் உண்மையான இழப்பு அந்த வெற்றுக் கட்டம்தான்: ஆடவில்லை, அதனால் கண்ணில் படவில்லை, அதனால் பல்கலைக்கழக அணியில் இடமில்லை, அதனால் படிவம் 3 இல்லை.

படிவம் கையில் வந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பல அறிவிப்புகளில் அணி குறிப்பிட்ட இடம் பிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வில் 100 மதிப்பெண்ணில் 50 சாதனைக்கு, 10 படிப்புக்கு, 40 நேரடி டிரையலுக்கு. மூன்று வருடம் உட்கார்ந்தே பழகியவர் அந்த 40-ல்தான் மாட்டிக்கொள்வார்.

பெஞ்சிலிருந்து எழுந்தவர், எழ முடியாதவர்

இந்தக் கதை வரும்போதெல்லாம் ஜெரமி லின் பெயரைச் சொல்வார்கள். ஹார்வர்டில் பொருளாதாரம் படித்தவர். 2011 டிசம்பரில் அடுத்தடுத்து இரண்டு என்.பி.ஏ. அணிகள் அவரை விடுவித்தன. நியூயார்க் நிக்ஸ் பெஞ்சில் இடம் கிடைத்தது. 2012 பிப்ரவரி 4-ல் இறக்கிவிட்டார்கள், 25 பாயிண்ட் எடுத்தார். அடுத்த வாரமே லேக்கர்ஸுக்கு எதிராக 38.

ஆனால் பஞ்சாபின் சத்னம் சிங்கையும் நினைவில் வைக்க வேண்டும். 7 அடிக்கு மேல் உயரம். 2015-ல் என்.பி.ஏ. டிராஃப்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-வது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது நாடே கொண்டாடியது. இந்தியாவில் பிறந்து டிராஃப்ட் ஆன முதல் ஆள். என்.பி.ஏ. சீசனில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

வேறு எங்கே நிமிடம் கிடைக்கும்?

கல்லூரி அணியில் கிடைக்காத நிமிடங்களை வெளியே தேடலாம். ஒன்று, 3x3 கூடைப்பந்து. அணியில் 4 பேர்தான், பெஞ்சில் ஒரே ஒருவர். 10 நிமிடம் அல்லது 21 பாயிண்ட், எது முதலில் வருகிறதோ அதோடு மேட்ச் முடிந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டும்கூட. உட்கார்ந்து ஒளிய இடமே இல்லாத ஆட்டம்.

இரண்டு, கோடை விடுமுறையில் நடக்கும் ஓப்பன் டோர்னமென்ட்டுகள். உள்ளூர் கிளப்புக்கு ஆடினால் பயிற்சியாளருக்கு அவ்வளவு பயம் இருக்காது, புது ஆளுக்கும் நேரம் கிடைக்கும். அந்தச் சமயத்தில் பெரியகுளம் பக்கமும் ஒரு நடை போய்வரலாம். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகளாக மே மாதத்தில் அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. ராணுவம், வங்கி என்று வேலை கொடுத்த அணிகளே வந்து ஆடும். மின்னொளியில் நடக்கும் மேட்ச்சில் தொடக்க ஐவரைப் பார்ப்பதோடு, அந்த அணிகளின் ஆறாவது, ஏழாவது ஆள் எந்த நேரத்தில் இறங்குகிறார், இறங்கிய முதல் நிமிடத்தில் என்ன செய்கிறார் என்றும் கவனித்துப் பாருங்கள்.