கணினி காணாத மருந்து

காசநோய்க் கிருமியின் புரதமொன்றை எக்ஸ் கதிரால் படமெடுத்து, அந்த உருவத்தைக் கணினியில் ஏற்றி, அதன் குழிவில் லட்சக்கணக்கான மூலக்கூறுகளைத் திருப்பித் திருப்பிப் பொருத்தி, இறுகப் பற்றுவதற்கு நல்ல மதிப்பெண் போடும் முறைக்கு ‘டாக்கிங்’ என்று பெயர். அந்தப் புரத உருவம் இயற்கையில் சாத்தியம்தானா என்பதை, 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சக ஆய்வாளர்களும் தந்த வரைபடத்தைக் கொண்டு உலகம் இன்றும் சரிபார்க்கிறது. இத்தனை இருந்தும், டாக்கிங்கை மட்டும் நம்பியிருந்தால், மும்பை தாராவியின் காற்றோட்டமில்லாத அறைகளில் இருமுகிறவர்களுக்கு இன்றும் முதலில் தரப்படும் ஐசோநியாசிட் நமக்குக் கிடைத்திருக்காது.

1912-இல் தயாரிக்கப்பட்ட அந்தச் சின்ன மூலக்கூறு காசநோயைக் குணப்படுத்தும் என்று தெரிய 1952 ஆயிற்று. கிருமியின் மெழுகுச் சுவருக்கான கொழுப்பமிலங்களை நீட்டித் தரும் ‘இன்ஹா’ என்ற நொதிதான் அதன் இலக்கு. ஆனால் ஐசோநியாசிட்டை அப்படியே இன்ஹாவின் குழிவில் வைத்தால் மதிப்பெண் சொற்பமாகவே வரும். பெருங்காயம் எண்ணெயில் பொரிந்தால்தானே மணக்கும்? இதுவும் அப்படித்தான். உள்ளே நுழைந்ததும் கிருமியின் சொந்த நொதியான ‘கேட்ஜி’ இதைக் கிளர்த்துகிறது. அதில் பிறக்கும் துண்டு, அங்கேயே இருக்கும் என்ஏடி என்ற மூலக்கூறோடு பிணைகிறது. அந்தப் பிணைப்புதான் இன்ஹாவை அடைக்கிறது. தன்னைக் கொல்லும் நஞ்சைக் கிருமி தானே தயாரித்துக்கொள்கிறது! 1998-இல் எக்ஸ் கதிர்ப் படம்தான் அந்தப் பிணைப்பைக் கண்முன் காட்டியது.

அப்படியானால் டாக்கிங் வீண்தானே என்று கேட்கலாம். வீணில்லை. எச்ஐவி புரோட்டியேஸை முடக்கும் மருந்துகள் 1990-களில் உருவானதில் புரத உருவத்துக்குப் பெரும் பங்குண்டு. காசநோயிலும் டாக்கிங்குக்கு வேலை காத்திருக்கிறது. கேட்ஜி மரபணு திரிந்த கிருமியிடம் ஐசோநியாசிட் பலிப்பதில்லை. கேட்ஜியின் தயவின்றி நேராக இன்ஹாவை அடைக்கும் மூலக்கூறு வேண்டும். அதைத் தேடக் கணினி நல்ல துணை. எந்த மருந்துக்கும் அடங்காத காசநோயைப் பற்றி மும்பை மாஹிமின் இந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் 2012-இல் மருத்துவ இதழில் எழுதிய பிறகும் இந்தத் தேடல் அவசரமில்லை என்று யார் சொல்வார்? வருத்தம் என்னவென்றால், கணினி தந்த பட்டியலையே கண்டுபிடிப்பாக அச்சிட்டுவிட்டு, அதில் ஒன்றைக்கூடக் குடுவையில் செய்து பாராத கட்டுரைகள் ஏராளம். டாக்கிங் மலிவு, சோதனைக்கூடம் செலவு என்பது உண்மைதான். ஆனால் மாட்டுங்காவில் 1933 முதல் வேதித்தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனம் இருக்கிறது. சிவ்ரியில் காசநோய்க்கென்றே மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. பட்டியலின் முதல் இருபதையாவது செய்து, மும்பை நோயாளிகளிடம் எடுத்த கிருமியின்மேல் சோதிக்கப் பணம் ஒதுக்கப்படட்டும்.