மண்ணெண்ணெய் குடித்த ஒஸ்ரின்கள்

அமெரிக்க தேசத்தில் 1964ஆம் ஆண்டு பொன்ரியாக் கம்பனியார் வெளியிட்ட ஜி.ரி.ஓ. என்னும் காரின் எஞ்சின் 6.4 லீற்றர் கொள்ளளவும் 325 குதிரைவலுவும் உடையது. அத்தகைய கார்களைத் தேடிப் பிடித்து, எஞ்சினைப் பிரித்து, இருக்கின்ற வலு போதாதென்று மேலும் பெருக்குவதிலே அந்நாட்டுப் பிரியர்கள் பணத்தையும் காலத்தையும் தாராளமாகச் செலவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிரியர் கையில் அகப்படுவதோ 1,200 சீ.சீ. எஞ்சினும் நாற்பதை ஒட்டிய குதிரைவலுவும் கொண்ட ஒஸ்ரின் ஏ-40, அல்லது அதனினும் சிறிய மொறிஸ் மைனர். இவற்றைப் பலசாலிகள் என்று எவரும் சொல்லார், எனினும் ஜி.ரி.ஓ. கனவிலும் காணாத பரீட்சை ஒன்றில் தேறியவை இவையே.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு அரசாங்கம் வாகன இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின், முன்னரே வந்திறங்கிய ஒஸ்ரினும் மொறிஸும் குடாநாட்டில் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வாடகைக்கு ஓடி உழைத்தன. 1990ஆம் ஆண்டு யுத்தம் மறுபடி மூண்டு பாதையும் அடைபட்டபோது, பெற்றோலும் வாகன உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்துகொண்டன. அதன்பின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை; ஆதலால் சிறு போத்தலிற் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை எழுப்பி, அது அணையுமுன் மண்ணெண்ணெயைக் குடிக்கப் பழக்கவேண்டும். பிரித்தானியாவில் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இதே முறையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் அதில் எரிபொருளைச் சூடாக்குவதற்கு வேண்டிய ஏற்பாடு உண்டு, பாவம், காருக்கு அது இல்லை. மேலும், மண்ணெண்ணெய் அதிகமாக அமுக்கப்பட்டால் தீப்பொறிக்குக் காத்திராமல் தானே வெடித்துப் பிஸ்ரனைத் தாக்கும் இயல்புடையது. ஜி.ரி.ஓ. எஞ்சினிலே கலவை 10.75 மடங்கு அமுக்கப்படுகிறது, 803 சீ.சீ. மொறிஸ் மைனரிலோ 7.2 மடங்குதான். உலகம் பலவீனம் என்று எள்ளிய அந்தக் குறைந்த அமுக்கமே இங்கு பிராண ரட்சகமாயிற்று.

ஆனால் விலை கொடாமல் இந்த உபகாரம் கிடைத்ததில்லை. எரியாது மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவரிலுள்ள ஓயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அங்குள்ள ஓயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். ஓயில் கம்பியை இழுத்துப் பார்க்கும் சொந்தக்காரர், குறைந்திருக்கவேண்டியது கூடியிருக்கக் கண்டு மகிழ்ந்துபோவார். உள்ளே கிராங்கின் பேரிங்குகள் தேய்ந்துகொண்டிருக்கும்.

இத்தகைய எஞ்சின் இன்று ஒரு கராஜில் இறக்கப்படும்போது, அனுபவமுள்ள மேசன்மார் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல, பாஸ்மார் முதலிற் செய்வது ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரின் மேல்விளிம்புக்குக் கீழே நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பதாகும். றிங்குகள் உரசித் தேய்ந்த இடத்துக்கும் உரசாத இடத்துக்கும் இடையே நகம் தட்டுமானால், சிலிண்டரைப் போர் பண்ணி, அதற்கேற்ற பெரிய பிஸ்ரன் போடவேண்டியதுதான். அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு என்று பிஸ்ரன்கள் படிப்படியாய்ப் பருக்கும். அதற்கும் மேற்பட்டால் சிலீவ் அடித்துப் பழைய அளவுக்கே திரும்புவார்கள்.

நம் பிரதேசத்துக்கென்று விசேஷமான இன்னொரு வியாதியும் உண்டு. சுண்ணக்கற் பாறையில் ஊறிவரும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவை விடுவதை எந்த வீட்டிலும் காணலாம். அந்நீரையே ஆண்டாண்டாக றேடியேற்றரில் ஊற்றியதனால், சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர்ப்பாதைகள் கல்லாய் அடைபட்டுக் கிடக்கும். பக்கவாட்டிலுள்ள தகட்டு அடைப்புகளைப் பெயர்த்து, கம்பி விட்டுச் சுரண்டி எடுக்காமல், எத்தனை உயர்ந்த பிஸ்ரன் போட்டாலும் பிரயோசனமில்லை. கஸ்கெற் கிடைக்காத இடத்துக்குத் தடித்த கடுதாசியை வார்ப்பின்மேல் விரித்து, விளிம்போரமாகச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், வார்ப்பின் விளிம்பே கத்தியாகி அளவு பிசகாமல் வெட்டித் தரும். இந்தத் தட்டல், தடைக் காலம் நம் பட்டறைகளில் நிலைநாட்டிய கல்வி.

தொண்ணூறுகளில் சார்ல்ஸ் வெயர் என்னும் ஆங்கிலேயர், இங்கிலாந்திலுள்ள மொறிஸ் மைனர்களுக்கு வேண்டிய பாகங்களை இதே இலங்கையின் தென்பகுதியிற் செய்வித்து அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதையும், அதே காலத்தில் வடக்கே ஒரு பிளக் வாங்க வழியிருக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைக்கையில் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை.

வலுவைக் கூட்ட விரும்புகிறவர்கள் ஜப்பான் எஞ்சினை அப்படியே தூக்கிவைக்கத் துணிகிறார்கள். நிசான் கம்பனி 1952இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து, அதன் 1,489 சீ.சீ. எஞ்சினின் பிஸ்ரன் ஓட்டத்தைச் சுருக்கி 988 சீ.சீ. டட்சன் எஞ்சினை ஆக்கியது என்ற வரலாற்றை நோக்கினால், அதைப் பெரிய துரோகமென்று கண்டிக்கவும் முடியாது. எனினும் மொறிஸ் மைனருக்கு 803, 948, 1,098 சீ.சீ. என்று ஒரே குலத்தில் எஞ்சின்கள் வளர்ந்து வந்திருக்க, குலம் மாற்றுவானேன் என்பது என் அபிப்பிராயம். 803க்கு ஏறத்தாழ 30 குதிரைவலு, 1,098க்கு 48. பெரிய மாற்றங்களின்றியே இந்த லாபம் கிட்டுகிறது. ஹெட் கீழே இறங்கியிருக்கும்போதே வெளியேற்று வால்வுகளுக்குக் கடினமான உருக்கு வளையங்களை இருத்திவிடுவது உத்தமம். இலங்கையில் 2002இலிருந்து ஈயமற்ற பெற்றோலே விற்கப்படுவதால், முன்பு ஈயம் படிந்து வால்வின் இருப்பிடத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு இப்போது இல்லை.

கட்டி முடித்த எஞ்சினை முதல் 500 மைலுக்கு விரட்டாமல் ஓட்டவேண்டும். மேடென்பதே அறியாத நம் வீதிகள் இதற்கு வெகு அனுகூலமானவை. பிறகு ஓயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மீண்டும் இறுக்கி, டப்பட் இடைவெளியையும் சரிபார்த்தால் ஏ-9 வழியே கொழும்புக்கே கொண்டுபோகலாம். பின்னால் வரும் சொகுசு பஸ் ஹோன் அடிக்கிறதென்று ரோஷப்படாதிருந்தாற் போதும்.